34ஆம் ஒளிவழி: லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியின் வரலாறு

ஒரு மொழி எங்கெல்லாம் வாழ்கிறது என்று வினவினால், வீட்டில், பள்ளியில், வழிபாட்டிடத்தில், ஏட்டில் என்று நாம் விடை கூறுவோம். கடந்த நூறு ஆண்டுகளில் இவ்வரிசையில் வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்துள்ளன. நாட்டின் பெரும்பான்மை மொழிக்கு இவ்விடங்கள் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. சிறுபான்மையோர் பேசும் மொழிக்கு அவை எவ்வாறு கிடைக்கின்றன, கிடைத்தபின் அங்கே அம்மொழி என்ன பணி செய்கிறது என்பன மொழியாசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க வினாக்கள்.

இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரில் 1962ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கே.எம்.இ.எக்ஸ். என்னும் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிலையம். அந்நகர மக்கள் அதனைக் 'கனால் 34', அதாவது 34ஆம் ஒளிவழி என்று அழைக்கின்றனர். தொலைவிலுள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. நம் வீட்டுச் செய்தியைப் பேசத் தொடங்கினால் பற்றும் வருத்தமும் முந்திக்கொள்ளும். அயலார் வரலாற்றை நாம் சற்று நிதானமாக நோக்க இயலும்.

மண்ணில் முன்னரே இருந்த மொழி

லாஸ் ஏஞ்சலிஸ் என்பது ஸ்பானியப் பெயர். 'வானவர்கள்' என்பது அதன் பொருள். 1781ஆம் ஆண்டில், ஸ்பானியப் பேரரசின் ஆணைப்படி 44 குடியேறிகள் அங்கே ஊர் அமைத்தனர். 1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றபோது கலிபோர்னியா அந்நாட்டின் பகுதியாயிற்று. அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே நிகழ்ந்த போர் 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையுடன் முடிந்தபோது, கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1849ஆம் ஆண்டின் கலிபோர்னிய அரசமைப்பு, சட்டங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்று விதித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1879இல் எழுதப்பட்ட புதிய அரசமைப்பு அவ்விதியை நீக்கி, அரசு நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெற வேண்டும் என்றது. இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் அம்மொழி அரசு ஏடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டது.

ஆயினும் மக்களின் நாவிலிருந்து அது நீங்கவில்லை. 1910இல் தொடங்கிய மெக்சிக்கப் புரட்சியின் கொந்தளிப்பில் பல்லாயிரவர் வடக்கு நோக்கி வந்தனர். இக்னாசியோ லொசானோ என்பவர் 1926 செப்டம்பர் 16ஆம் நாள், மெக்சிக்கோவின் விடுதலை நாளன்று, 'லா ஒப்பினியோன்' என்னும் நாளேட்டை லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1942 முதல் 1964 வரை இருநாட்டு அரசுகளின் ஒப்பந்தத்தின்கீழ் மெக்சிக்கத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். ஆகவே, தொலைக்காட்சி வந்த காலத்தில் அந்நகரில் இரு வகையான ஸ்பானிய மொழியினர் வாழ்ந்தனர்: பல தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் ஒருபுறம், நேற்று வந்து இறங்கியவர்கள் மறுபுறம். இவ்விரு சாராரையும் ஒருசேர நோக்கிப் பேச வேண்டிய நிலை பின்னாளில் 34ஆம் ஒளிவழிக்கு ஏற்பட்டது.

விடியற்காலையில் ஒலித்த மொழி

தொலைக்காட்சிக்கு முன்னர் வானொலி இருந்தது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து ஆங்கில வானொலி நிலையங்கள், எவரும் விரும்பாத விடியற்கால நேரத்தைக் குறைந்த விலைக்கு விற்றன. அந்நேரத்தை வாங்கி ஸ்பானிய மொழி நிகழ்ச்சிகளைப் படைத்தவர்களுள் பெத்ரோ கொன்சாலெஸ் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய இசைக்குழுவினரும் 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது 'வைகறையில் எழுவோர்' என்று அழைக்கப்பட்டனர். பெயர் பொருத்தமானதே. அவர்களுடைய நேயர்கள் பொழுது புலருமுன் எழுந்து வயலுக்கும் தொழிற்சாலைக்கும் புறப்படும் உழைப்பாளிகள். பிறருக்குப் பயனற்றதாகத் தோன்றிய அந்த நேரமே இம்மக்கள் வீட்டில் விழித்திருந்த நேரம்.

கொன்சாலெஸ் பாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கே வேலை கிடைக்கும் என்று அறிவித்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மெக்சிக்க வம்சாவளியினர் கூட்டங்கூட்டமாக எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டதைக் கண்டித்துப் பேசினார். 1934இல் அவர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டிய பெண் பின்னர் தம் வாக்குமூலம் பொய் என்று கூறியும் அவர் விடுவிக்கப்படவில்லை. ஆறாண்டுகள் சான் குவென்டின் சிறையில் இருந்த அவர், 1940இல் மெக்சிக்கோவுக்கு நாடுகடத்தப்பட்டார். பாடலுக்கு இடங்கொடுத்த சூழல், அம்மொழியில் பொதுவாழ்வு பேசப்படத் தொடங்கியவுடன் எவ்வளவு விரைவில் மாறிவிட்டது என்பதை இந்நிகழ்ச்சியால் உணர்கிறோம். இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். வேறு வடிவில் இது மீண்டும் வரும்.

டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் ரவூல் கோர்த்தெஸ் என்பவர் 1946இல் கே.சி.ஓ.ஆர். என்னும் முழுநேர ஸ்பானிய வானொலி நிலையத்தை நிறுவினார். 1955இல் அதே பெயரில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றையும் தொடங்கினார். இதுவே அமெரிக்கப் பெருநிலத்தில் ஸ்பானிய மொழிக்கென எழுந்த முதல் தொலைக்காட்சி நிலையமாகக் கருதப்படுகிறது. நேயர்கள் இருந்தும் விளம்பரம் போதிய அளவு வரவில்லை. 1961இல் அந்நிலையம் கைமாறிற்று. அதனை வாங்கிய குழுவினரே மறு ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வந்தனர்.

எவரும் விரும்பாத ஒளிவழி

அக்குழுவின் பின்னணியில் இருந்தவர் மெக்சிக்கோவின் வானொலி, தொலைக்காட்சித் துறைகளின் முன்னோடியான எமிலியோ அஸ்காரகா விதௌரெத்தா. தம்மிடம் நிகழ்ச்சிகள் ஏராளமாக இருந்தும் அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்புகள் அவற்றை வாங்க முன்வராததால், அமெரிக்காவிலேயே நிலையங்கள் அமைப்பதற்கு அவர் வழிதேடினார். அயல்நாட்டவர் ஒருவர் ஒளிபரப்பு உரிமம் பெற்ற நிறுவனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் இடந்தரவில்லை. எனவே ரெனே அன்செல்மோ முதலிய அமெரிக்கக் குடிமக்கள் பெரும்பங்கு ஏற்றனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்பானிய மொழித் திரையரங்குகளை நடத்திவந்த ஃபிராங்க் ஃபௌசேயும் பங்காளர்களுள் ஒருவரானார். 1962 செப்டம்பர் 30ஆம் நாள் கே.எம்.இ.எக்ஸ். ஒளிபரப்பைத் தொடங்கியது.

34 என்னும் எண்ணைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் 2 முதல் 13 வரையிலான ஒளிவழிகளே பெரும்பாலும் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குரிய அத்தகைய ஏழு ஒளிவழிகளும் ஆங்கில நிலையங்களின் கையில் இருந்தன. 1952இல் அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் 14 முதல் 83 வரையிலான அதியுயர் அலைவரிசை ஒளிவழிகளைத் திறந்துவிட்டது. ஆயினும் அவற்றைக் காண்பதற்குத் தனியாக ஒரு மாற்றிக் கருவியும் தனி அலைவாங்கியும் வேண்டும். படமும் பலவிடங்களில் தெளிவாக விழாது. ஆகவே முதலீட்டாளர்கள் அவற்றை நாடவில்லை. விடியற்கால வானொலி நேரத்தைப் போலவே, பிறர் ஒதுக்கியதுதான் ஸ்பானிய மொழிக்குக் கிடைத்தது.

காலமும் சற்றே துணைபுரிந்தது. புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்தும் எல்லா ஒளிவழிகளையும் பெறத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் 1962 ஜூலையில் கையெழுத்தாயிற்று. 1964 முதல் செய்யப்பட்ட பெட்டிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை, இந்நிலையத்தைக் காண விரும்பிய குடும்பம் கூடுதல் பணம் கொடுத்துக் கருவி வாங்கியாக வேண்டும். ஊதியம் குறைந்த தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் மொழியைக் கேட்பதற்காகச் செலவு செய்தன என்பது இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்க செய்தி. நேயர்களின் அந்த ஈடுபாடே நிலையத்தின் முதல் மூலதனம் எனலாம்.

தொடக்கக் காலத்தில் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொடர்நாடகங்களும் திரைப்படங்களும் பல்சுவை நிகழ்ச்சிகளும் நேரத்தின் பெரும்பகுதியை நிரப்பின. இதனால் ஊர் நினைவு தணிந்தது. ஆனால் தம் தெருவில் என்ன நடக்கிறது என்பதை அறிய, தொழிலாளிக்கு அந்த நாடகங்கள் உதவவில்லை. மொழி சொந்தமாக இருந்தது. அதில் காட்டப்பட்ட வாழ்க்கை வேறு நாட்டினுடையதாக இருந்தது.

ரூபன் சலசாரின் செய்தியறை

இவ்விடைவெளியை உணர்ந்தவர் ரூபன் சலசார். 1928இல் மெக்சிக்கோவின் சியுதாத் ஹுவாரெஸ் நகரில் பிறந்து, எல்லைக்கு இப்பாலுள்ள எல் பாசோவில் வளர்ந்தவர். 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளேட்டின் செய்தியாளராக டொமினிக்கன் குடியரசிலும் வியட்நாமிலும் பணியாற்றி, மெக்சிக்கோ நகரத்து அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர். ஆங்கில இதழியலில் உயர்ந்த நிலையை அடைந்திருந்த அவர், 1970இல் நாளேட்டின் முழுநேரப் பணியை விட்டு 34ஆம் ஒளிவழியின் செய்தி இயக்குநரானார். நாளேட்டில் வாரம் ஒரு கட்டுரை எழுதுவதை மட்டும் தொடர்ந்தார். அதுவரை மெக்சிக்க அமெரிக்கரைப் பற்றி ஆங்கிலம் படிப்போருக்கு எழுதிவந்தவர், இனி அம்மக்களை நோக்கி அவர்கள் மொழியிலேயே பேச முற்பட்டார். 'ஒருவரைப் பற்றிப் பேசுதல்', 'ஒருவரோடு பேசுதல்' ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே கருதிப் பார்க்கலாம்.

அக்காலச் சூழலையும் நாம் அறிதல் வேண்டும். 1968 மார்ச்சு மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளை விட்டு வெளியேறினர். அவர்களுக்குத் துணைநின்றவர் லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்த்ரோ. பள்ளியில் ஸ்பானியம் பேசுவோரைத் தண்டிக்கலாகாது, இருமொழிக் கல்வி வேண்டும், தங்கள் வரலாறு பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பன அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் சில. வியட்நாம் போரில் மெக்சிக்க அமெரிக்க இளைஞர்கள் பெருமளவில் உயிரிழந்தமையும் மனக்கொதிப்பை வளர்த்தது.

1970 ஜூலையில் காவலர்களின் துப்பாக்கிச்சூட்டில் மெக்சிக்கக் குடிமக்கள் இருவர் தவறுதலாகக் கொல்லப்பட்டனர். இச்செய்தியை சலசாரின் செய்தியறை விரிவாக வெளியிட்டது. காவல்துறையினர் அவரைச் சந்தித்து, இத்தகைய செய்திகள் அம்மக்கள் மனத்தில் உண்டாக்கும் விளைவை எண்ணிப் பார்க்குமாறு கூறினர். இச்சந்திப்பை அவர் தம் நாளேட்டுக் கட்டுரையில் பதிவு செய்தார். ஆங்கிலத்தில் ஏற்கத்தக்கதாக இருந்த செய்தி, மக்கள் மொழியில் கூறப்பட்டபோது இடர் தருவதாகக் கருதப்பட்டது. பெத்ரோ கொன்சாலெஸ் பட்டறிந்ததை, நாற்பது ஆண்டுகள் கழித்து சலசாரும் எதிர்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், போருக்கு எதிராக இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஊர்வலம் சென்றனர். லகுனா பூங்காவில் கூடிய மக்களைக் காவலர்கள் கலைக்க முற்பட்டதும் கலவரம் மூண்டது. செய்தி திரட்டச் சென்றிருந்த சலசார், விட்டியர் பெருஞ்சாலையிலிருந்த 'சில்வர் டாலர்' என்னும் மதுக்கூடத்தில் தம் நிலையச் செய்தியாளர் ஒருவருடன் அமர்ந்திருந்தார். மாவட்டக் காவல் அதிகாரி ஒருவர் வாயிற்றிரைக்கு வெளியிலிருந்து சுட்ட கண்ணீர்ப்புகை எறிபடை அவர் தலையில் பாய்ந்தது. அவ்விடத்திலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42.

இறப்பு பற்றிய விசாரணையை நகரத் தொலைக்காட்சி நிலையங்கள் நேரடியாக ஒளிபரப்பின. பிறர் கையால் நேர்ந்த மரணம் என்று விசாரணைக் குழுவின் பெரும்பான்மையோர் முடிவு கூறினர். ஆயினும் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. 1973இல் மாவட்ட நிருவாகம் அவர் குடும்பத்துக்கு 700,000 அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கியது. லகுனா பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

சலசார் அந்நிலையத்தில் பணியாற்றிய காலம் ஓராண்டைக்கூட எட்டவில்லை. எனினும் அதன் வரலாற்றை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று நாம் பிரித்துக் காண்பது பொருந்தும். பிறமொழி நிலையம் என்பது பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் அவரோடு முடிவுற்றது.

உரிமம் யாருக்கு உரியது?

1970களில் நிலையத்தின் மேலாண்மைப் பொறுப்பை ஏற்றவர் டேனி வில்லனுயேவா. முன்னர் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் புகழ்பெற்ற வீரராக விளங்கியவர். சமூகப் பணியை நிலையத்தின் அன்றாடக் கடமையாக அவர் ஆக்கினார். 1985இல் மெக்சிக்கோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியபோது, நிவாரண நிதி திரட்டுவதில் 34ஆம் ஒளிவழி முன்னின்றது. இதற்கிடையில், எஸ்.ஐ.என். என்னும் அதன் தாய் வலையமைப்பு 1976இல் துணைக்கோள் வழியாக நாடெங்கும் நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கியது. பெரிய ஆங்கில வலையமைப்புகளுக்கு முன்பே இத்தொழில்நுட்பத்தை அது கைக்கொண்டது. சிதறி வாழும் நேயர்களை இணைக்கும் தேவையே அதற்குத் தூண்டுதல்.

ஆயினும் நிறுவனத்தின் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. பெயரளவில் உரிமையாளர்கள் அமெரிக்கர். நிகழ்ச்சிகளும் விளம்பர வணிகமும் அஸ்காரகா குடும்பத்தின் பிடியில் இருந்தன. போட்டி நிறுவனங்களின் முறையீட்டை ஆராய்ந்த கூட்டரசுத் தொடர்பு ஆணையத்தின் நீதிபதி, இது சட்டத்துக்குப் புறம்பான அயல்நாட்டுக் கட்டுப்பாடு என்று கருதி, 1986 ஜனவரியில் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தார். கே.எம்.இ.எக்ஸ். உள்ளிட்ட நிலையங்கள் விற்கப்பட வேண்டியதாயிற்று. லத்தீன் அமெரிக்க வம்சாவளி முதலீட்டாளர்களும் போட்டியிட்டனர். இறுதியில், வாழ்த்து அட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஹால்மார்க் நிறுவனமும் அதன் பங்காளரும் 301.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அவற்றை வாங்கினர். 1987இல் வலையமைப்பின் பெயர் யூனிவிசியோன் என்று மாறியது.

ஸ்பானியம் பேசாத ஒரு நிறுவனத்தின் கையில் ஸ்பானிய நிலையங்கள் சேர்ந்ததைக் கண்டு பலர் வருந்தினர். ஆனால் அதே 1986இல் நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலையமைப்பின் செய்திப் பிரிவுக்கு மெக்சிக்கோவின் தெலெவிசா நிறுவனத்து மூத்த செய்தி வாசிப்பாளரான ஹாக்கோபோ சப்லுதோவ்ஸ்கி தலைமை ஏற்க வருவதாக அறிவிக்கப்பட்டபோது, செய்தியாளர்கள் பலர் பணியிலிருந்து விலகினர். அவர் அந்நாட்டு அரசுக்குச் சார்பானவர் என்பது அவர்களின் கருத்து. அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் தேசியச் செய்தியை வாசிக்கத் தொடங்கிய ஹோர்ஹே ராமோஸ், மெக்சிக்கோவில் தம் செய்தி தணிக்கை செய்யப்பட்டதால் வெளியேறி, 34ஆம் ஒளிவழியில் செய்தியாளராக வளர்ந்தவர். ஆகவே உரிமையாளரின் மொழி எது என்பது ஒரு கேள்வி. செய்தியறை யாருக்குக் கடமைப்பட்டது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு மனநிறைவான விடை கிடைத்தாலும் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடாது.

எண்ணப்படாதவர்கள்

வணிகத் தொலைக்காட்சி விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரமோ நேயர் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. ஆங்கிலத்தில் வினவி ஆங்கிலத்தில் விடை பெறும் கணக்கெடுப்பில், ஸ்பானியம் மட்டுமே பேசும் குடும்பங்கள் இடம்பெறுவது அரிது. நேயர்கள் இருந்தனர்; கணக்கில் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதுவே நிலை. 1970இல் ஸ்பானிய வம்சாவளி பற்றிய கேள்வி ஒரு மாதிரித் தொகுதியினரிடம் மட்டுமே கேட்கப்பட்டது. 1980இல்தான் அது அனைவருக்கும் உரிய படிவத்தில் இடம்பெற்றது. கணக்கெடுப்பில் பங்குபெறுமாறு ஸ்பானிய ஒளிபரப்பு நிலையங்கள் மக்களை ஊக்குவித்தன. தன் நேயர்கள் எண்ணப்படுவதில் நிலையத்துக்கும் நலன் உண்டு; பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் கணக்கு வேண்டியிருந்ததால் மக்களுக்கும் நலன் உண்டு.

யூனிவிசியோனும் அதன் போட்டி வலையமைப்பான தெலெமுந்தோவும் செலவை ஏற்க, நீல்சன் நிறுவனம் 1992இல் ஸ்பானிய நேயர்களுக்கெனத் தேசிய அளவீட்டைத் தொடங்கியது. அளவீடு சீரானதும் புதிய உண்மை வெளிப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், 18 முதல் 49 வயது வரையிலான நேயர்களிடையே 34ஆம் ஒளிவழியின் மாலைச் செய்தி, நகரத்தின் ஆங்கில நிலையங்களின் செய்திகளை முந்தியது. கருவி வாங்கித் தேடிப் பார்க்க வேண்டியிருந்த நிலையம், முப்பது ஆண்டுகளில் பெருநகரின் முன்னணி நிலையங்களுள் ஒன்றாயிற்று.

அந்த மக்கள் அப்போது செய்தி தேடியதற்குக் காரணமும் இருந்தது. 1994இல், ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளிக் கல்வியையும் அவசரமல்லாத மருத்துவ உதவியையும் மறுக்கும் 187ஆம் முன்மொழிவைக் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்றனர். பின்னர் நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தியது. பிள்ளையை நாளை பள்ளிக்கு அனுப்பலாமா என்பதே அன்று ஒரு தாயின் கேள்வி. அதற்குத் தெளிவான விடையை அவள் மொழியில் கூறுவது செய்தி நிலையத்தின் கடமையாயிற்று. 2007இல் 'யா எஸ் ஓரா', அதாவது 'இதுவே நேரம்' என்னும் குடியுரிமை இயக்கத்திலும் இந்நிலையம் முக்கியப் பங்காற்றியது. விண்ணப்பிக்கும் முறை, தேர்வுக் கேள்விகள், உதவி கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றை விளக்கியது. அவ்வாண்டு நாடு முழுவதும் 1.3 மில்லியனுக்கும் மேற்பட்டோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். விண்ணப்பக் கட்டணம் உயரவிருந்ததும் இதற்கு ஒரு காரணம். எனினும், புரியும் மொழியில் வழிகாட்டல் கிடைத்திராவிடில் பலர் துணிந்திருக்கமாட்டார்கள் என்று நாம் கருதலாம்.

எந்த ஸ்பானியம்? எந்தத் தலைமுறை?

மொழியாசிரியர்களுக்கு உரிய ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. இந்நிலையம் பேச வேண்டிய ஸ்பானியம் எது? நேயர்களில் பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளியினர். 1980களின் உள்நாட்டுப் போர்களால் எல் சல்வதோரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். மக்கள் பேச்சில் ஆங்கிலச் சொற்களும் உருமாறிப் புகுந்திருந்தன. சரக்குந்தைத் 'துரோக்கா' என்றும் மதிய உணவை 'லோஞ்சே' என்றும் கூறுவது அங்கே இயல்பு. செய்தி வாசிப்பிலோ, எந்நாட்டு வட்டார வழக்கும் மேலோங்காத பொதுநடை வளர்ந்தது. அது யாருடைய வீட்டுப் பேச்சும் அன்று. எனினும் எல்லா வீட்டினருக்கும் விளங்கியது. தெருவில் பேட்டி காணும்போது மக்களின் பேச்சு அவ்வாறே ஒலித்தது. வாசிப்பவரின் பொதுநடையும் பேட்டியில் வரும் பேச்சுநடையும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து அமைந்தன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

தலைமுறை பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. குடியேறியோரின் பேரப்பிள்ளைகளுள் பலருக்கு ஆங்கிலமே முதன்மொழி. பியூ ஆய்வு மையத்தின் கணிப்பின்படி, ஸ்பானியத்தில் ஓரளவேனும் செய்தி பெறும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெரியோர் 2006இல் 78 விழுக்காடாக இருந்து, 2012இல் 68 விழுக்காடாகக் குறைந்தனர். அதே காலத்தில், ஆங்கிலத்தில் செய்தி பெறுவோர் 78 விழுக்காட்டிலிருந்து 82ஆக உயர்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட மக்கள் 10 மில்லியனில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வம்சாவளியினர். மக்கள் பெருகினர், மொழி அதே விகிதத்தில் பெருகவில்லை. புதிதாக வந்து சேர்வோரே இதுகாறும் நேயர் தொகையை நிரப்பி வந்தனர். தொலைக்காட்சியால் ஒரு மொழியின் மதிப்பை உயர்த்த இயலும். அதனைப் பிள்ளையின் நாவில் ஏற்றும் பணி வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது.

உரிமையின் கதையும் முடிந்துவிடவில்லை. 2022இல் யூனிவிசியோனும் தெலெவிசாவின் நிகழ்ச்சிப் பிரிவும் ஒன்றிணைந்து தெலெவிசாயூனிவிசியோன் என்னும் நிறுவனமாயின. 1986இல் சட்டம் பிரித்தவற்றை, மாறிய காலமும் விதிகளும் மீண்டும் சேர்த்துள்ளன.

நிறைவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகிறது. ஒதுக்கப்பட்ட நேரமும் ஒதுக்கப்பட்ட ஒளிவழியும் ஒரு மொழிக்கு இழிவல்ல. அங்கே அம்மொழி என்ன பணி செய்தது என்பதே அதன் நிலையை முடிவு செய்தது. பாட்டும் நாடகமும் நேயரை அழைத்து வந்தன. அவர்களை நிலைநிறுத்தியது, அவ்வூர் வாழ்க்கையை அவ்வூர் மக்களின் மொழியில் அஞ்சாது பேசிய செய்தியறை. அதற்கான விலையை ரூபன் சலசார் தம் உயிரால் செலுத்தினார்.

மொழி வாழ வேண்டும் என்று நாம் கூறும்போது, பெரும்பாலும் அதன் பழம்பெருமையையும் இலக்கியச் செல்வத்தையும் எண்ணுகிறோம். அவை வேண்டுவனவே. அவற்றோடு, வாடகை உயர்ந்ததையும் பள்ளிச் சேர்க்கையையும் மருந்தின் விலையையும் தேர்தலையும் நாம் நம் மொழியில் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் இவ்வினாவை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். உள்ளூர்ச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதி, பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு விளங்குமாறு வாசித்துக் காட்டும்படி மாணவர்களைப் பணிக்கலாம். அவர் கேட்டுவிட்டு ஒரு மறுகேள்வி கேட்பாராயின், அங்கே மொழி தன் பணியைச் செய்கிறது என்று நாம் கொள்ளலாம்.